கம்பி வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

உங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. வீட்டுக்குள் கைத்தடியோடு மெதுவாக நடக்கிறார், வெளியே போவதென்றால் சக்கர நாற்காலி. அம்மாவுக்கு முழங்கால் வலி, பார்வையும் கொஞ்சம் மங்கல். இருவரும் இதே வீட்டில்தான் இருப்போம் என்கிறார்கள். வாசலில் சாய்தளம் கட்டுவதா, குளியலறையில் பிடிமானக் கம்பி மாட்டுவதா, மாடிக்கு லிஃப்ட் வைப்பதா, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியில் வாங்க வேண்டிய பொருட்கள் நிறைய இருக்கின்றன. அப்பா காலையில் கட்டிலிலிருந்து எப்படி எழுகிறார், எதைப் பிடிக்கிறார், அம்மா எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் இல்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளாமல் ஒரு திருகுகூட வாங்க வேண்டாம்.

ஒரு நாள் முழுக்க, இரவையும் சேர்த்து, அவர்கள் நடமாடுவதைச் சும்மா பாருங்கள். உதவி செய்யப் போகாதீர்கள். நீங்கள் கை கொடுத்தால் அவர்கள் வழக்கமாகச் செய்வது தெரியாது. அப்புறம் சுவர்களைப் பாருங்கள். முதியவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவின் நிலையில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில், ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் கறுத்து வழவழப்பாக இருக்கும். துண்டு போடும் கம்பியின் ஒரு முனை தளர்ந்து ஆடும். கை கழுவும் தொட்டி சுவரை விட்டு ஒரு நூல் விலகி, இடையில் பூசிய வெள்ளை சிமெண்ட் விரிந்திருக்கும். மாடிப்படி திரும்பும் இடத்தில் சுவரில் ஐந்து விரல் படிந்த அழுக்கு இருக்கும். தடுமாறும்போது கை தானாகத் தேடிப்போகிற இடங்கள் இவை. அங்கே உறுதியான பிடிமானம் இல்லாததால்தான் துண்டுக் கம்பியும் தொட்டியும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்காரரின் விளம்பரத் தாளையும்விட இந்தக் குறிகள் நம்பகமானவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டுக்குள் நடக்கும்போது நாற்காலியின் முதுகு, மேசை ஓரம், அலமாரி மூலை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை மாற்றிக்கொண்டே போவார்கள். பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து, "இடம் அடைசலாக இருக்கிறது, விழுந்துவிடுவீர்கள்" என்று நல்ல எண்ணத்தோடு அத்தனையையும் ஒதுக்கிவிடுவார்கள். மறுநாள் அம்மா நடுக்கூடத்தில் பிடிக்க ஒன்றுமில்லாமல் நிற்பார். தரையில் கிடக்கும் வயர், சுருண்டுகொள்ளும் கால்மிதி, காலை இடறும் முக்காலி இவற்றை எடுத்துவிடுங்கள். ஆனால் அவர் பிடித்து நடக்கிற நாற்காலியை எடுக்க வேண்டாம். அது நகராமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சக்கரம் வைத்த நாற்காலியானால் உடனே மாற்றுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். வீட்டைச் சரிசெய்தால் இது குறையுமா? காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய தொகுப்பு ஒன்று 2023இல் வந்தது. வீட்டிலுள்ள ஆபத்துகளைக் கண்டறிந்து நீக்கினால் விழுவது சுமார் 26 சதவீதம் குறைகிறது என்றது. ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர்கள் என்று அபாயம் அதிகமுள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 38 சதவீதம். அபாயம் பார்த்துத் தேர்ந்தெடுக்காத முதியவர்களின் வீட்டில் செய்த மாற்றங்களால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, உங்கள் வீட்டில் செலவு முதலில் அப்பாவுக்கு ஆக வேண்டும். முடிந்தால், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை வீட்டுக்கே வரவழையுங்கள். கிளினிக்கில் உட்கார்ந்து யாரும் உங்கள் குளியலறையைப் பற்றிச் சொல்லிவிட முடியாது.

சரி, எங்கே தொடங்குவது? கட்டிலிலிருந்து கழிவறை வரை. வீட்டில் இதைவிட முக்கியமான பாதை கிடையாது. இரவில் தூக்கக் கலக்கத்தில், இருட்டில், அவசரத்தில் நடக்கும் பாதை இது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். அதனால் முதல் பிடிமானம் கட்டிலருகிலேயே வேண்டும். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும், முழங்காலைவிட இடுப்பு ஒரு பிடி உயர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மெத்தை அமுங்கிய பிறகு 45 முதல் 50 செ.மீ. உயரம் சரிவரும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் குழியுள்ள மரக்கட்டைகளோ பிளாஸ்டிக் தாங்கிகளோ வைத்து உயர்த்தலாம். செங்கல்லை அடுக்காதீர்கள், நகர்ந்துவிடும். அப்பா தன் நல்ல பக்கமாக, அதாவது இடது பக்கமாகப் புரண்டு எழும்படி கட்டில் கிடக்க வேண்டும். இடது பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறதா? கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு வேலையே பல வீடுகளில் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

அந்தப் பாதையில் கணுக்கால் உயரத்தில், ஆள் அசைந்தால் தானாக எரியும் சிறு விளக்குகளைப் பொருத்துங்கள். மங்கலான மஞ்சள் ஒளி போதும். நள்ளிரவில் வெள்ளை டியூப்லைட்டைப் போட்டால் கண் கூசி, அணைத்த பிறகு ஒன்றும் தெரியாது. கழிவறை மிகவும் தூரம் என்றால் இரவுக்கு மட்டும் கட்டிலருகே, அடியில் பாத்திரம் வைத்த கமோட் நாற்காலி வைப்பதில் தவறில்லை. சிலர் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். அது அவர்கள் முடிவு.

இனி கழிவறை, குளியலறை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் நல்ல பணம் போட்டுத் தவறாகச் செய்யப்படுவது இங்கேதான் அதிகம்.

அப்பாவின் பலம் இடது கையில். கழிவறைக் கோப்பையில் உட்கார்ந்தபின் அவருடைய இடது பக்கம் சுவர் இருந்தால் வேலை சுலபம். அதில் கிடைமட்டமாக ஒரு கம்பி மாட்டினால் அழுத்தி எழுந்துவிடுவார். சுவர் வலது பக்கம் இருந்தால்? வந்து பார்க்கும் பிளம்பர் யோசிக்காமல் அந்தச் சுவரில்தான் மாட்டுவார், ஏனென்றால் மாட்டுவதற்கு அங்கேதான் இடம் இருக்கிறது. அப்பாவால் அந்தக் கம்பியைத் தொடக்கூட முடியாது. அப்போது பின்சுவரில் பொருத்தி, வேண்டும்போது கீழே மடக்கி இறக்குகிற கம்பியை இடது பக்கம் போட வேண்டும். சக்கர நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார மாறும் நாளில் அதை மேலே தூக்கிவிட்டால் வழி விடும். கோப்பையைச் சுற்றித் தரையில் நிற்கும் சட்டகமும் கடைகளில் கிடைக்கும். இரண்டு கையாலும் சமமாக அழுத்துகிற அம்மாவுக்கு அது நல்லது. ஒரு கையால் மட்டும் அழுத்துகிற அப்பாவுக்கு அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், தரையோடு போல்ட் போட்டு இறுக்காவிட்டால் ஆபத்து.

கோப்பையின் உயரம் இருக்கையோடு சேர்த்து 43 முதல் 48 செ.மீ. வரை என்பது பல நாட்டுத் தரநிலைகளில் காணும் அளவு. உங்கள் வீட்டுக்கு அதைவிட நல்ல அளவுகோல் அப்பாவின் முழங்கால் மடிப்புக்குப் பின்னாலிருந்து தரை வரையுள்ள உயரம். அதற்குச் சமமாகவோ ஓரிரு செ.மீ. கூடவோ இருக்கலாம். எழுவது சுலபம் என்று மிகவும் உயர்த்திவிட்டால் கால் தொங்கும், உடல் முன்னால் சரியும், மலம் கழிப்பதும் சிரமமாகும். அம்மா குள்ளமாக இருந்தால் இருவருக்கும் ஒரே உயரம் ஒத்துவராது. யாருக்கு எழுவது கஷ்டமோ அவர் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குந்தி உட்காரும் கழிவறை மட்டும்தான் இருக்கிறதென்றால், வீட்டில் முதல் கட்டுமானச் செலவு அதை மாற்றுவதாகவே இருக்கட்டும்.

கம்பியின் சங்கதிகள்: பிடிக்கும் பகுதியின் விட்டம் 32 முதல் 38 மில்லிமீட்டர் இருந்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 38 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகம் விட்டால், வழுக்கும்போது முன்கை உள்ளே புகுந்து மாட்டிக்கொண்டு எலும்பு முறிய வாய்ப்பு உண்டு. அமெரிக்கத் தரநிலை ஒரு கம்பி 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. நின்றுகொண்டிருப்பவர் நிலை தடுமாறிச் சட்டென்று தொங்கும்போது அவ்வளவு விசை வந்துவிடும். கம்பி தாங்கும், சுவர் தாங்குமா என்பதுதான் கேள்வி. கெட்டியான செங்கல், கான்கிரீட் என்றால் கவலையில்லை. ஹாலோ பிளாக்காகவோ அட்டைப் பலகைத் தடுப்பாகவோ இருந்தால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டு மாட்டிய கம்பி ஒருநாள் டைல்ஸோடு கையில் வந்துவிடும். அதற்கேற்ற ஆங்கர், அதாவது சுவருக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட் வேண்டும், அல்லது பின்னால் பிளைவுட் பலகை கொடுத்து மாட்ட வேண்டும். மாட்டியதும் நீங்களே முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். சுவரில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் உறிஞ்சிக் கம்பிகளை உடல் எடைக்கு நம்பவே நம்பாதீர்கள். டைல்ஸ் ஈரமாக இருந்தாலோ, இணைப்புக் கோட்டின் மேல் அமர்ந்தாலோ சொல்லாமல் கழன்றுவிடும். பார்வைக்கு உறுதியாகத் தெரிவதால் கம்பியே இல்லாததைவிட மோசம்.

அழுத்தி எழுவதற்குக் கிடைமட்டக் கம்பி, நின்று திரும்பும்போது பிடித்துக்கொள்ளச் செங்குத்துக் கம்பி. குளிக்கும் பகுதிக்குள் கால் வைக்கும் இடத்தில் ஒரு செங்குத்துக் கம்பி கட்டாயம். பலர் அழகாக இருக்கிறதென்று சாய்வாக மாட்டுகிறார்கள், ஈரக்கை அதில் கீழ்நோக்கி வழுக்கும்.

குளிப்பதை உட்கார்ந்து குளிப்பதாக மாற்றிவிடுங்கள். கால்களில் ரப்பர் உள்ள, கைப்பிடி வைத்த குளியல் நாற்காலி, நீளமான குழாயோடு கையில் பிடித்துக்கொள்ளும் ஷவர், உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் சோப்பு. மூன்றும் சேர்ந்தால்தான் பயன். நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டு சோப்பைப் பழைய உயரத்தில் விட்டால் எட்டி எடுக்கும்போது விழுவார். குளிக்கும் பகுதிக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே தண்ணீர் தடுக்க ஒரு திட்டு கட்டியிருப்பார்கள். காலைத் தூக்க முடியாதவருக்கு அந்தச் சிறு திட்டு பெரிய தடை. அதை இடித்துவிட்டு, தரைக்கு 50க்கு 1 (50 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. இறக்கம்) என்ற அளவில் வாட்டம் கொடுத்து நீளமான வடிகாலில் தண்ணீரை இறக்கலாம். அதைவிட வாட்டம் கூடினால் நாற்காலி ஆடும், சக்கரம் ஓடும். கொத்தனார் "தண்ணி நல்லா ஓடணும்ல" என்று கூடுதலாகச் சாய்ப்பார், பக்கத்தில் நின்று அளந்து வாங்குங்கள். டைல்ஸ் மாற்றுவதானால் பளபளப்பில்லாத, சிறு அளவு டைல்ஸ் நல்லது. இணைப்புக் கோடுகள் அதிகமாக இருப்பதால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். மாற்ற முடியாவிட்டால் சோப்புப் படிவத்தை வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவினாலே வழுக்கல் கணிசமாகக் குறையும்.

வெந்நீர் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் நீர் ஐந்து வினாடியில் தோலை ஆழமாகச் சுடும். 49 டிகிரி என்றால் அதே அளவு சுடுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பக்கவாதத்தாலோ நீரிழிவாலோ உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடே தெரியாது. குழாயில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு பொருத்துங்கள். அது கிடைக்கும்வரை அப்பா நல்ல கையால் தொட்டுப் பார்த்தபிறகே ஊற்றிக்கொள்ளட்டும்.

குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா? உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் யாராலும் திறக்க முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டுங்கள், இல்லாவிட்டால் நகர்த்தும் கதவு. தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்கும் வகையாக மாற்றுங்கள். அவசர அழைப்புக் கயிறு கட்டினால் அது தரைக்குச் சற்று மேலே வரை தொங்க வேண்டும். தரை துடைக்க இடைஞ்சல் என்று அதைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். விழுந்து கிடப்பவருக்கு மேலே கட்டிய கயிறு எதற்கு?

குளியலறைக்கு இத்தனை சொன்னபிறகு கதவகலம் சுருக்கமாக. சக்கர நாற்காலி பெரும்பாலும் 60 முதல் 68 செ.மீ. அகலம். சக்கரத்தைத் தள்ளும் கைமுட்டிகளுக்கும் இடம் வேண்டுமல்லவா? அதனால் கதவைத் திறந்தபின் கிடைக்கும் வழி 80 செ.மீ. இருக்க வேண்டும். நிலையின் அகலத்தை அளந்து ஏமாறாதீர்கள். திறந்த கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலையின் தடுப்பு வரை அளக்க வேண்டும். கதவின் கனமும் கீலும் சேர்ந்து நான்கைந்து செ.மீ. தின்றுவிடும். அந்த நான்கைந்து செ.மீ.தான் குறை என்றால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. திறக்கும்போது கதவை வழியை விட்டு முழுவதும் வெளியே ஒதுக்கிவிடும் மடிப்புக் கீல் கிடைக்கிறது, தச்சர் அரை நாளில் மாற்றிவிடுவார். குமிழ் கைப்பிடிகளை எடுத்துவிட்டு முழங்கையால் அழுத்தினாலும் திறக்கும் நீளக் கைப்பிடி போடுங்கள். நிலைப்படி இருந்தால் இழைத்துச் சமமாக்கலாம். முடியாவிட்டால் 13 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாமல், இரு பக்கமும் சரித்துவிடுங்கள். சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்ப 150 செ.மீ. விட்டம் தேவை. எல்லா அறையிலும் அது கிடைக்காது, கூடத்திலும் படுக்கையறையிலும் கிடைத்தால் மற்ற இடத்தில் பின்னோக்கி வந்து சமாளிக்கலாம்.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட சாய்தளம். கணக்கு எளிது, இடம்தான் கிடைக்காது. உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அதிகபட்சச் சாய்வு. வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி இருந்தால் மொத்தம் 45 செ.மீ. ஆக, சாய்தளம் 5.4 மீட்டர் நீளம். மேலேயும் கீழேயும் நின்று திரும்ப 150 செ.மீ. சமதளம் தனி. அப்பா தானே தள்ளிக்கொண்டு ஏற வேண்டும் என்றால் 12 மடங்கு போதாது. ஒரு கையால் தள்ளுபவருக்கு 20 மடங்குகூடக் கஷ்டம், அதற்கு 9 மீட்டர் வேண்டும். பல வீடுகளில் இடமில்லை என்று படியின் மேலேயே சிமெண்டைச் சரித்து, ஆறேழு மடங்குக்கு ஒரு சறுக்கு கட்டிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளை ஏற்ற அது உதவும். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பின்னால் கவிழ்த்துவிடும், தள்ளுபவரின் இடுப்பையும் ஒடிக்கும். இடம் இல்லாவிட்டால் பக்கவாட்டு வாசலோ பின்வாசலோ தரைக்கு நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் செங்குத்தாக ஏறி இறங்கும் சிறு மேடை லிஃப்ட்டுக்குச் சாய்தளத்தைவிடக் குறைந்த இடம் போதும்.

சாய்தளம் கட்டினாலும் படிகளை இடிக்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்கும் கைத்தடியோடு நடப்பவருக்கும் சரிவில் இறங்குவதைவிடக் கைப்பிடியோடு உள்ள தாழ்வான படிகளில் இறங்குவது சுலபமாக இருக்கும். உங்கள் வீட்டில் இரண்டும் தேவைப்படும். சாய்தளத்தின் ஓரத்தில் சக்கரம் வெளியே நழுவாதபடி சிறு விளிம்புக் கட்டு, இரு பக்கமும் கைப்பிடி, மழையில் வழுக்காத சொரசொரப்பான மேற்பரப்பு இவற்றை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆனது.

மாடிப்படிக்கு வருவோம். லிஃப்ட் பற்றி யோசிக்கும் முன் படுக்கையறையைக் கீழே கொண்டுவர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே ஒரு குளியலறையும் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். மாடிக்குப் போயே ஆக வேண்டும் என்றால் கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். இதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம்: ஏறும்போது அப்பாவின் இடது கைக்கு இருக்கும் கைப்பிடி, இறங்கத் திரும்பியதும் வலது பக்கம் போய்விடும். அந்தக் கை பிடிக்காது. ஒரே கைப்பிடி உள்ள படியில் அவர் ஏறிவிடலாம், இறங்க முடியாது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருப்பார். அப்படிச் செய்யப் பிடிமானம் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். கைப்பிடி கடைசிப் படியோடு நின்றுவிடாமல் 30 செ.மீ. தள்ளிப் போகட்டும். படி முடிந்துவிட்டது என்று நினைத்து இல்லாத தரையில் கால் வைப்பது கடைசிப் படியில்தான் நடக்கிறது. அகலமான கிரானைட் கைப்பிடி பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் விரல் சுற்றிப் பிடிக்காது. உருண்டையான குழாய் எவ்வளவோ மேல்.

அம்மாவின் பார்வைக்கு வெளிச்சமும் நிற வேறுபாடும் கைப்பிடி அளவுக்கு முக்கியம். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளி 20 வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குப் போதுமான வெளிச்சம் அவருக்கு அந்தி நேரம். நடுக்கூரையில் ஒரு பெரிய விளக்கைப் போட்டால் தரையில் பட்டுக் கூசும், அதைவிடப் பல இடங்களில் சிறு விளக்குகள் நல்லது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும், சரியாக விளிம்பிலேயே, வேறு நிறப் பட்டை ஒட்டுங்கள். இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி ஒட்டினால் படி அங்கே முடிவதாகத் தோன்றிக் கால் ஏமாறும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கோப்பை என்று இருக்கும் கழிவறையில் இருக்கையை மட்டும் அடர்நிறமாக மாற்றினாலே எங்கே உட்காருவது என்று தெளிவாகத் தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அம்மா தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடி அணிந்திருந்தால், குனிந்து படியைப் பார்க்கும்போது படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பார், படி மங்கலாகத் தெரியும். மாடிப்படிக்கும் வெளியே நடக்கவும் தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

சமையலறையில் பெரிதாக உடைக்க வேண்டியது அரிது. அன்றாடம் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும், முக்காலியில் ஏறி எடுக்க வேண்டிய எதுவும் மேல் அலமாரியில் வேண்டாம். அம்மா உட்கார்ந்து காய் நறுக்க ஒரு மேசை, அடியில் முழங்கால் நுழைய சுமார் 70 செ.மீ. உயரம். அடுப்பின் திருகுகள் முன்பக்கம் இருந்தால் சுடருக்கு மேலே கையை நீட்ட வேண்டியதில்லை. ஸ்விட்சுகளும் பிளக்குகளும் தரையிலிருந்து 40 முதல் 120 செ.மீ.க்குள் இருந்தால் உட்கார்ந்தும் எட்டலாம், குனியாமலும் எட்டலாம்.

உங்கள் வீட்டுக்கு இப்போது தேவையில்லை, ஆனாலும் பிறருக்குப் பயன்படலாம் என்பதால்: காது கேளாதவர் இருக்கும் வீட்டில் அழைப்பு மணிக்கும் புகை எச்சரிக்கைக்கும் மின்னி எரியும் விளக்கு வேண்டும், தலையணைக்கு அடியில் அதிரும் அலாரம் வேண்டும். மறதி நோய் உள்ளவருக்குக் கறுப்புக் கால்மிதி குழியாகத் தோன்றலாம், பளபளக்கும் தரை தண்ணீராகத் தோன்றலாம், கண்ணாடியில் தெரியும் தன் உருவம் வேற்றாளாகத் தோன்றலாம். கட்டிலில் படுத்தபடியே கழிவறைக் கோப்பை கண்ணில் படும்படி கதவைத் திறந்து வைத்தால் எழுதி ஒட்டுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

இத்தனையும் படித்துவிட்டு நீங்கள் தயாராகிவிடுவீர்கள், அப்பா "எனக்கு எதுக்குடா இதெல்லாம், நான் என்ன நோயாளியா" என்பார். அவர் கோபம் நியாயமானது. வீட்டை ஆஸ்பத்திரி வார்டாக மாற்றினால் யாருக்கும் அங்கே இருக்கப் பிடிக்காது. அவரைக் கேட்காமல் எதையும் மாட்டாதீர்கள். "அம்மாவுக்காக" என்று சொல்லி ஏமாற்றுவதும் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார். எந்த வேலையைத் தானே செய்ய ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். தனியாகக் குளிக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பார். சரி, அதற்கு என்ன தேவை என்று அங்கிருந்து பேசுங்கள். கம்பியின் நிறத்தையும் இடத்தையும் அவரே தேர்வு செய்யட்டும். துளை போடும் முன் அவரை அங்கே உட்காரவைத்து, கை எங்கே போகிறதோ அங்கே டேப் ஒட்டிக் குறித்து, எழுந்து உட்கார்ந்து பார்த்தபிறகு துளை போடச் சொல்லுங்கள். காப்பாளர் ஒருவர் உதவிக்கு வரும் நாளையும் நினைவில் வையுங்கள். குளியல் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொருவர் குனிந்து நிற்க இடம் இருக்க வேண்டும்.

வீட்டின் ஒரு பகுதியைப் புதிதாகக் கட்டும் எண்ணமும் இருக்கிறதென்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இன்றைக்குத் தேவையோ இல்லையோ, குளியலறைச் சுவரின் பூச்சுக்குப் பின்னால் கம்பி தாங்கும் பலத்தைக் கொடுத்துவிடுங்கள். கட்டும்போது அது ஒன்றுமேயில்லாத செலவு, பின்னால் டைல்ஸை உடைத்துச் செய்வது பெரிய செலவு. சிறு வயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரான் மேஸ், ஊனமுற்றோருக்கென்று தனியாக ஒன்றைக் கட்டாமல் எல்லோருக்கும் ஒத்துவரும்படி முதலிலேயே கட்ட வேண்டும் என்று வாதாடினார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் சேர்ந்து 1997இல் அதை ஏழு கொள்கைகளாக எழுதினார்கள். அட்லாண்டாவைச் சேர்ந்த எலினார் ஸ்மித் 1980களில் இன்னும் சிக்கனமான கோரிக்கை ஒன்றை வைத்தார். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் படியில்லாத ஒரு வாசல், சக்கர நாற்காலி நுழையும் கதவுகள், கீழ்த்தளத்தில் ஒரு கழிவறை. இந்த மூன்றும் இருந்தால் ஊனமுற்றவர் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகவாவது வரமுடியும் என்பது அவர் வாதம். உங்கள் கான்ட்ராக்டரிடம் இந்த மூன்றை மட்டும் வரைபடத்தில் போடச் சொல்லுங்கள், போதும்.

கடைசியாக ஒரு பராமரிப்பு வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் உடல் நிறைய மாறும். இன்று தேவைப்படும் உயர்ந்த இருக்கை பிறகு வேண்டாமலும் போகலாம், ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தால் இன்று முடிகிறது நாளை முடியாமலும் போகலாம். அதனால் கழற்றி மாட்டக்கூடியவற்றை முதலில் வாங்குங்கள், கட்டுமானத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பிகளின் திருகுகளை இறுக்குங்கள், கைத்தடியின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்படியே சுவரையும் ஒரு சுற்றுப் பாருங்கள். புதிய இடத்தில் கைத்தடம் விழுந்திருந்தால் அங்கே இன்னொரு கம்பி வேண்டியிருக்கும்.